இரண்டு அடக்கங்கள்: நீரிலும் மண்ணிலும்

கிறிஸ்தவ நம்பிக்கையின்படி ஒருவர் இரண்டு முறை அடக்கம் செய்யப்படுகிறார். முதலாவது அடக்கம் தண்ணீருக்குள். அதைக் கத்தோலிக்கர் திருமுழுக்கு என்றும் சீர்திருத்த சபையார் ஞானஸ்நானம் என்றும் சொல்வார்கள். இரண்டாவது, மூச்சு நின்ற பின் மண்ணுக்குள் நடக்கும் நல்லடக்கம். முதலாவதைப் பிறப்பின் விழாவாகவே கொண்டாடிப் பழகிவிட்டோம். அங்கே சாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டாவதில் பிரிவின் துயரம் மேலோங்கி நிற்கிறது. அங்கே பிறப்பைப் பற்றி எண்ண யாருக்கும் மனம் வருவதில்லை. ஆதித் திருச்சபையோ இரண்டையும் ஒரே நிகழ்வின் தொடக்கமாகவும் முடிவாகவும் கண்டது.

வேதவசனம், கட்டடம், ஓவியம், உடை, எண்ணெய், திசை என ஒவ்வொன்றாக எடுத்து இவ்விரு அடக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த ஒப்பீட்டிலிருந்து நான் வந்து சேரும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் கல்லறைக்கு உள்ள ஆன்மிகப் பொருளில் பெரும்பங்கு திருமுழுக்குத் தொட்டியிலிருந்து வந்தது. தொட்டியை மறந்த கல்லறை வெறும் பிரிவுபசாரமாகிவிடும். கல்லறையை மறந்த தொட்டி வெறும் பெயர்சூட்டு விழாவாகிவிடும்.

வேதத்தில் இரு அடக்கங்கள்

நீரடக்கத்தின் மூலவசனம் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறிஸ்துவின் சாவுக்குள் இறங்கி, அவரோடு அடக்கம் செய்யப்பட்டு, அவர் எழுப்பப்பட்டதுபோல் புதுவாழ்வில் நடக்க அழைக்கப்பட்டவர்கள் என்பது அங்கே அவர் தரும் விளக்கம். கொலோசெயர் 2:12 இதையே சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவுல் சாவைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவில் அடக்கத்தை ஏன் வைத்தார்? விடை 1 கொரிந்தியர் 15இல் கிடைக்கிறது. தமக்கு முன்னிருந்தவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதாகச் சொல்லி அவர் ஒப்புவிக்கும் விசுவாச அறிக்கையில் கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார் என்ற வரிசை இருக்கிறது. அடக்கம் சாவை உறுதிசெய்கிறது. பாதி இறந்தவரை யாரும் புதைப்பதில்லை. 381இல் கான்ஸ்தாந்திநோபிளில் முடிவான விசுவாச அறிக்கையும் அடக்கத்தை விடாமல் தனியாகச் சொல்வது இதனால்தான். பழைய வாழ்வு திரும்பி வர முடியாதபடி முடிந்துவிட்டது என்று பவுல் சொல்ல விரும்பினார். அதற்கு அடக்கத்தைவிடப் பொருத்தமான படிமம் இல்லை.

மண்ணடக்கத்தின் மூலவசனமும் அதே 1 கொரிந்தியர் 15இல்தான் இருக்கிறது. அங்கே உடல் விதைக்கப்படும் மணியாகிறது. யோவான் நற்செய்தியில் இயேசு தம் சாவைப் பற்றிப் பேசும்போதும் (12:24) நிலத்தில் விழும் கோதுமை மணியைத்தான் காட்டுகிறார். புதைப்பவர் கைகழுவிவிட்டுப் போகிறார், விதைப்பவர் காத்திருக்கிறார். கல்லறைக்குப் போகும் கிறிஸ்தவரை விதைப்பவராக்கியது இந்த ஓர் உருவகம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பவுல் திருமுழுக்கை அடக்கம் என்றார். அவருக்கு முன்பே இயேசு தம் சாவைத் திருமுழுக்கு என்று குறிப்பிட்டிருந்தார் (மாற்கு 10:38, லூக்கா 12:50). ஒருவர் சாவைத் தண்ணீரால் விளக்குகிறார், மற்றவர் தண்ணீரைச் சாவால் விளக்குகிறார். ஆகவே இவ்வொப்பீட்டைத் தொடங்கிவைத்தது புதிய ஏற்பாடேதான்.

தொட்டியில் கல்லறை, கல்லறையில் தொட்டி

சொல்லில் இருந்த இந்த உறவு மூன்றாம் நூற்றாண்டிலேயே சுவரிலும் கல்லிலும் ஏறிவிட்டது. சிரியாவில், யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோப்பஸ் என்ற எல்லைக் கோட்டை நகரம் இருந்தது. அங்கே ஒரு குடியிருப்பு வீட்டை ஏறத்தாழ கி.பி. 240இல் கிறிஸ்தவர்கள் ஆலயமாக மாற்றிக்கொண்டார்கள். சசானியப் படை முற்றுகையிட்டபோது மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண் அந்த வீட்டை மூடியது. நகரம் ஏறத்தாழ 256இல் வீழ்ந்தது. அந்த மண்ணே வீட்டின் ஓவியங்களைக் காப்பாற்றி, 1930களின் தொடக்கத்தில் அகழ்வாளர் கையில் தந்தது. இன்று அவை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

அந்த வீட்டின் திருமுழுக்கு அறையில் தொட்டியின் மேல் தூண்கள் தாங்கும் வளைந்த விதானம் இருக்கிறது. அக்காலத்து வளைவுமாடக் கல்லறையின் வடிவம் அது. பக்கச் சுவரில் கையில் ஒளியேந்திய பெண்கள் ஒரு பெரிய வெண்ணிறக் கல்பேழையை நோக்கி நடக்கிறார்கள். உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் இவர்கள் என்பது பலர் ஏற்கும் விளக்கம். மணமகனை எதிர்கொள்ளும் கன்னியர் என்று வாசிப்போரும் உண்டு. முதல் விளக்கத்தை ஏற்றால், தண்ணீருக்குள் இறங்க வந்தவர் ஒரு கல்லறையை நோக்கிப் போகும் ஊர்வலத்தோடு சேர்ந்து நடந்திருக்கிறார்.

ஏறத்தாழ அதே காலத்தில் ரோமில், ஆப்பியா சாலையோரம் உள்ள கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறையில் இதன் மறுபக்கம் தீட்டப்பட்டது. அருட்சாதன அறைகள் என்று அழைக்கப்படும் அடக்க அறைகளில் ஒரு சிறுவன் தண்ணீரில் நிற்க, ஒருவர் அவன் தலையில் கைவைத்துத் திருமுழுக்குத் தருகிறார். அருகில் மோசே பாறையிலிருந்து தண்ணீர் வரச் செய்கிறார். யோனாவைப் பெருமீன் விழுங்குகிறது, பின் கரையில் உமிழ்கிறது. படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் முடக்குவாதக்காரர் இங்கும் இருக்கிறார், தூராவின் திருமுழுக்கு அறையிலும் இருக்கிறார். எழுந்து நட என்ற கட்டளையைக் கேட்டவர் அவர். தண்ணீரிலிருந்து எழுபவருக்கும் மண்ணிலிருந்து எழப்போகிறவருக்கும் அவர் ஒருவரே பொது அடையாளமானார்.

நான்காம் நூற்றாண்டில் கட்டடக் கலையும் இதே மொழியைப் பேசத் தொடங்கியது. ரோமப் பேரரசின் பெரியவர்களுக்கு வட்டமாகவோ எண்கோணமாகவோ நினைவுக் கல்லறை எழுப்புவது வழக்கம். குரோவேஷியாவின் ஸ்பிலிட் நகரில் தியோக்கிளேஷியன் பேரரசன் தனக்குக் கட்டிய கல்லறை வெளியே எண்கோணமானது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய அந்த மன்னனின் கல்லறை இன்று பேராலயமாக இருக்கிறது. மிலானில் ஆயர் அம்புரோசு காலத்துத் திருமுழுக்கு மண்டபமும் எண்கோணமானது. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் அகுஸ்தீன் தம் மகன் அதியோதாத்துசோடும் நண்பர் அலிப்பியுசோடும் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றார். அதன் அடித்தளத்தை மிலான் பேராலயத்தின் கீழே இன்றும் பார்க்கலாம். திருமுழுக்கு மண்டபங்கள் கல்லறைக் கட்டடங்களின் வடிவை ஏற்றதற்குக் காரணம் ரோமர் 6ஆம் அதிகாரத்தின் சிந்தனைதான் என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் கிராட்ஹைமர் 1942இல் வாதிட்டார். எட்டு என்ற எண்ணுக்கும் பொருள் இருந்தது. ஏழு நாளும் முடிந்தபின் வரும் எட்டாம் நாள், கிறிஸ்து எழுந்த நாள், முடிவில்லாத நாள். சாவின் கட்டடத்தை எடுத்து அதில் உயிர்ப்பின் எண்ணைக் கண்டார்கள்.

நீரும் மண்ணும்

தண்ணீரை மண்ணோடு ஒப்பிடுவது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியை ஆதித் திருச்சபைத் தந்தையர் தட்டிக்கழிக்கவில்லை. நீசா நகரத்து கிரகோரி இதற்கு இயற்கையிலிருந்து ஒரு விளக்கம் தந்தார். கிறிஸ்து மண்ணுக்குள் மூன்று நாள் இருந்தார். தண்ணீர் மண்ணுக்கு நெருங்கிய உறவுடைய பொருள். ஆகவே தண்ணீருக்குள் மூன்று முறை மறைவது அந்த மூன்று நாளின் சாயல் என்றார். அம்புரோசு வேறு வழியில் போனார். மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று ஆதாமுக்கு இடப்பட்ட தீர்ப்பு எப்படியும் நிறைவேறியாக வேண்டும். மண்ணிலிருந்து ஊறும் தண்ணீருக்குள் இறங்குபவரிடம் அது நிறைவேறிவிடுகிறது. ஆனால் உயிரோடு வெளியே வருகிறார். ஆகவே தொட்டி ஒருவகைக் கல்லறை என்பது அவர் முடிவு.

எருசலேமில் இதைச் சொல்ல வாதமே தேவைப்படவில்லை. 335இல் அர்ப்பணிக்கப்பட்ட திருக்கல்லறை ஆலயத்தில், கிறிஸ்துவின் கல்லறைக்கு எதிரிலேயே, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மறையுரைகள் ஆற்றப்பட்டன. ஆயர் சிரில் பெயரில் நமக்கு வந்துள்ள அவ்வுரைகள், சிலுவையிலிருந்து கல்லறைக்குக் கிறிஸ்து கொண்டுபோகப்பட்டதுபோல் நீங்களும் தொட்டிக்குக் கொண்டுபோகப்பட்டீர்கள் என்ற ஒப்பீட்டை நடத்திக் காட்டுகின்றன. அந்தத் தண்ணீரே கேட்பவர்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் ஆனது என்பது அவற்றின் மையக் கருத்து. சாவதும் பிறப்பதும் ஒரே கணத்தில், ஒரே இடத்தில் நடக்கின்றன.

மண்ணுக்கு இந்த இரட்டைத் தன்மை அவ்வளவு எளிதில் கிட்டாது. தண்ணீர் கழுவும், மண் சிதைக்கும். தண்ணீருக்குள் இருப்பது ஒரு மூச்சின் நேரம். மண்ணுக்குள் இருப்பது உலகின் முடிவு வரை. நம் கண் காண்பதை மட்டும் நம்பினால் மண் தாயாக இருக்க முடியாது. விதையின் உருவகம் இல்லாமலும், தண்ணீரில் ஏற்கெனவே ஒருமுறை எழுந்த அனுபவம் இல்லாமலும் கல்லறையை நம்பிக்கையின் இடமாகக் காண்பது கடினம். தண்ணீரில் கண்ணால் கண்டதை மண்ணில் காணாமல் நம்புகிறார்கள். இவ்வொப்பீட்டின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து.

உடை, எண்ணெய், ஒளி, திசை

சடங்கின் சிறு செயல்களில் இந்த உறவு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது.

உடையை முதலில் எடுத்துக்கொள்வோம். பண்டைய திருமுழுக்கில் பழைய உடையைக் களைந்து, தண்ணீரிலிருந்து எழுந்தபின் வெண்ணாடை அணிவார்கள். 337இல் சாவுப்படுக்கையில் திருமுழுக்குப் பெற்ற கான்ஸ்தந்தீன் பேரரசர் அதன்பின் அரச ஊதாவைத் தொட மறுத்து வெண்ணாடையிலேயே இருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய யூசேபியுஸ் சொல்கிறார். சில நாளில் அவர் இறந்ததும் பொற்பேழையில் வைத்து ஊதாத் துணியால் போர்த்தினார்கள். அரண்மனை மறந்ததைத் திருச்சபை மறக்கவில்லை. இன்று கத்தோலிக்க அடக்கச் சடங்கில் சவப்பெட்டியின் மேல் வெண்துணி போர்த்தும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அது திருமுழுக்கு ஆடையின் நினைவு. ரஷ்ய உழவர்களான திருப்பயணிகளோ இரண்டு உடையையும் ஒன்றாகவே ஆக்கிவிட்டார்கள். யோர்தான் ஆற்றில் வெண்சட்டையோடு இறங்கி முழுகி, அந்தச் சட்டையை உலர்த்தி ஊருக்குக் கொண்டுபோய், தம் சவ ஆடையாகப் பத்திரப்படுத்துவார்கள். கிறிஸ்து முழுகிய ஆற்றின் ஈரம் படிந்த துணியோடு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது அந்த ஏழை உழவர்களின் ஆசை. இறையியலாளர் பல பக்கங்களில் எழுதியதை அவர்கள் ஒரு சட்டையில் சொன்னார்கள்.

அடுத்தது எண்ணெய். தியோனீசியு என்ற புனைபெயரில் ஏறத்தாழ 500ஆம் ஆண்டளவில் எழுதிய சிரியா நாட்டு ஆசிரியர் ஒருவர், அடக்கச் சடங்கில் உடல்மேல் எண்ணெய் ஊற்றுவதைத் திருமுழுக்குக்கு முன் பூசும் எண்ணெயோடு ஒப்பிடுகிறார். மற்போர் வீரர் களம் இறங்குமுன் எண்ணெய் பூசிக்கொள்ளும் காலம் அது. முதல் எண்ணெய் போராட்டத்துக்கு அழைத்தது. கடைசி எண்ணெய் போராட்டம் முடிந்ததென்று அறிவிக்கிறது. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபை அடக்கத்தில் இன்றும் குரு எண்ணெயைச் சிலுவை வடிவில் ஊற்றி, மண்ணையும் சிலுவை வடிவில் தூவுகிறார்.

ஒளியிலும் இதே தொடர்ச்சி உண்டு. உயிர்ப்புப் பெருவிழா இரவில் ஏற்றப்படும் பாஸ்கா திரியிலிருந்துதான் திருமுழுக்குப் பெறுபவரின் மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. அடக்கத் திருப்பலியில் அதே பாஸ்கா திரி சவப்பெட்டியின் அருகில் நிற்கிறது. பெட்டியின் மேல் தெளிக்கும் தீர்த்தமும் திருமுழுக்குத் தண்ணீரின் நினைவே.

திசையைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். எருசலேமில் திருமுழுக்குக்கு வந்தவர் முதலில் மேற்கு நோக்கி நின்று, கைநீட்டிச் சாத்தானைத் துறப்பார். மேற்கு இருளின் பக்கம். பிறகு கிழக்கே திரும்பித் தம் நம்பிக்கையை அறிக்கையிடுவார். கிறிஸ்தவக் கல்லறைகளில் உடலைத் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாகக் கிடத்துவது பழைய வழக்கம். மின்னல் கிழக்கில் தோன்றுவதுபோல் மானிட மகன் வருவார் என்று மத்தேயு 24:27 சொல்வதை வைத்து, எழும்போது அவரை எதிர்நோக்கி எழ வேண்டும் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தொட்டிக்கரையில் ஒருவர் கிழக்கே திரும்பினார். வாழ்நாள் முழுதும் தடுமாறித் தடுமாறி மேற்கே திரும்பியிருப்பார். கல்லறை அவரை மீண்டும் அந்த முதல் திருப்பத்திலேயே நிலைநிறுத்துகிறது.

கடைசியாக ஒரு பொருத்தம். குழந்தையும் தன் காலால் தொட்டிக்கு வருவதில்லை, இறந்தவரும் தன் காலால் கல்லறைக்குப் போவதில்லை. இருவரையும் மற்றவர்கள் தூக்கி வருகிறார்கள். குழந்தைக்காக ஞானத்தாயும் ஞானத்தந்தையும் பதில் சொல்கிறார்கள். இறந்தவருக்காகச் சபை மன்றாடுகிறது. விசுவாசத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மனிதர் பிறர் கையில் இருக்கிறார்.

எங்கே வேறுபடுகின்றன

ஒற்றுமை இவ்வளவு இருந்தும் இரண்டும் சமமல்ல. திருமுழுக்கு அருட்சாதனம், மேலைத் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களில் முதலாவது. அடக்கம் அவ்வரிசையில் இல்லை. தண்ணீர் அருளைத் தருகிறது. மண் அந்த அருளை அறிக்கையிடுகிறது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தவர் அகுஸ்தீன். புனிதர் பெலிக்சின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்வது இறந்தவருக்கு உதவுமா என்று நோலா நகர ஆயர் பவுலினுஸ் அவரைக் கேட்டார். ஏறத்தாழ 422இல் எழுதிய விடையில் அகுஸ்தீன், இடம் தன்னளவில் எதுவும் செய்யாது, அங்கே வருவோரின் நினைவும் மன்றாட்டுமே உதவும் என்றார். 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது புதைக்க ஆளின்றிக் கிடந்த கிறிஸ்தவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை என்று இறைவனின் நகரம் என்ற நூலில் அவர் முன்பே எழுதியிருந்தார். ஆயினும் உடலை அலட்சியம் செய்ய அவர் விடவில்லை. தூய ஆவி எல்லா நற்செயலுக்கும் கருவியாகப் பயன்படுத்திய உடல் அது. அதற்கு மரியாதை செய்வது கடமை என்றார்.

177இல் லியோன் நகரில் நடந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களைப் பல நாள் வெளியே போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். கல்லறை இல்லாவிட்டால் உயிர்த்தெழும் நம்பிக்கை அற்றுப்போகும் என்பது துன்புறுத்தியவர்களின் கணக்கு. கிறிஸ்தவர்கள் அடக்கத்தைப் போற்றியதைக் கண்ட அவர்கள், அந்தப் போற்றுதலின் ஊற்று எங்கே இருக்கிறது என்பதைக் காணவில்லை. அந்தச் சாட்சிகள் தண்ணீரிலோ, தம் இரத்தத்திலோ ஏற்கெனவே அடக்கமாகி எழுந்தவர்கள்.

தகனம் பற்றிய பிற்காலப் பூசலையும் இந்த வெளிச்சத்தில் புரிந்துகொள்ளலாம். 1886இல் ரோம் தகனத்தைத் தடைசெய்தது. உயிர்த்தெழுதலை மறுப்பதற்கென்றே சிலர் அக்காலத்தில் தகனத்தை முன்னிறுத்தினர் என்பது அதன் பின்னணி. 1963இல் தடை தளர்ந்தது. 2016இல் வந்த அறிவுரை அடக்கத்தையே மேலாகக் காட்டி, சாம்பலைத் தூவாமல் புனித இடத்தில் வைக்கச் சொன்னது. மரபுவழித் திருச்சபைகள் தகனத்தை இன்றும் ஏற்பதில்லை. மண்ணடக்கத்தின் அடையாளம் காக்கத் தகுந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அடையாளம் சிதைந்தால் நம்பிக்கையும் சிதையும் என்று பயப்பட வேண்டியதில்லை; எவராலும் திருப்பி எடுக்க முடியாத அடக்கம் தண்ணீரில் முடிந்துவிட்டது.

இந்த உறவு காயப்படுத்திய இடம்

இவ்வளவு அழகான உறவு ஓரிடத்தில் கொடுமையாகவும் மாறியது. திருமுழுக்கே கல்லறையின் பொருள் என்றால், திருமுழுக்குப் பெறாதவருக்குக் கல்லறையில் என்ன இடம்? இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டு நூல், திருமுழுக்குப் பெறாமல் இறந்தவருக்கும், சபைவிலக்கம் ஆனவருக்கும், தற்கொலை செய்துகொண்டவருக்கும் அடக்க வழிபாட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. அயர்லாந்தில் திருமுழுக்குக்கு முன் இறந்த சிசுக்களை ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்ய இடம் கிடைக்கவில்லை. பழைய கோட்டைமேடுகளிலும் எல்லை ஓரங்களிலும் கடற்கரையிலும் அவர்களைப் புதைத்தார்கள். கில்லீனி என்று அழைக்கப்படும் அந்தப் பெயரில்லாக் கற்குவியல்கள் தீவு முழுதும் சிதறிக்கிடக்கின்றன. இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வழக்கம் நீடித்தது.

ஓர் அடையாளத்தை எல்லைக்கோடாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம். கிறிஸ்து தம்மை அடக்கம் செய்யக் கொடுத்தது எவரும் தனியாகப் புதைக்கப்படக் கூடாது என்பதற்காக. அந்த அடக்கத்தின் பெயரால் தாய்மாரிடமிருந்து குழந்தைகளின் கல்லறையைப் பறித்தது, அடக்கத்தின் பொருளையே தலைகீழாக்கியது. திருத்தம் தாமதமாகத்தான் வந்தது. 1983இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குக்குத் தயாராகி வருவோரை அடக்க விஷயத்தில் விசுவாசிகளாகவே கருதுகிறது. பெற்றோர் திருமுழுக்குத் தர எண்ணியிருந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்த இடம் தருகிறது. 2007இல் ரோமின் அனைத்துலக இறையியல் ஆணையம் அத்தகைய குழந்தைகளின் மீட்பை நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று எழுதியது. தண்ணீரைக் கல்லறையோடு இணைத்தது நம்பிக்கை தருவதற்கு; யாரையும் வெளியே நிறுத்துவதற்கு அல்ல.

பிரிந்ததும் மீண்டும் சேர்ந்ததும்

இடைக்காலத்தில் இவ்விரு அடக்கங்களும் மெல்ல விலகின. பிறந்த சில நாளிலேயே சிசுவுக்குத் திருமுழுக்கு தருவதும், முழுகுவதற்குப் பதில் தலையில் தண்ணீர் ஊற்றுவதும் மேற்கில் பொதுவானபோது தொட்டியில் கல்லறையின் சாயல் மங்கியது. அடக்க வழிபாடோ தீர்ப்பு நாளின் அச்சத்தால் நிறைந்தது. கறுப்பு உடையும், கடைசி நாளின் கோபத்தைப் பாடும் இலத்தீன் பாடலும் கல்லறையைச் சூழ்ந்தன. திருமுழுக்கு பிறப்பின் பக்கம் போயிற்று, அடக்கம் தீர்ப்பின் பக்கம் போயிற்று.

இழந்த இணைப்பை மார்ட்டின் லூத்தர் தெளிவாகக் கண்டார். 1519இல் திருமுழுக்கைப் பற்றி அவர் எழுதிய மறையுரையில், தண்ணீரில் தொடங்கிய மூழ்கடிப்பு உடலின் சாவில்தான் முழுமை பெறுகிறது என்கிறார். அருட்சாதனம் ஒரு நொடியில் முடிந்துவிடும். அது குறிக்கும் பொருள் நிறைவேற ஓர் ஆயுள் வேண்டும். தொட்டிக்கும் கல்லறைக்கும் நடுவிலுள்ள வாழ்க்கை முழுவதையும் ஒரே நீண்ட திருமுழுக்காக அவர் கண்டார். 1529இல் வெளியான சிறிய ஞானோபதேசத்திலும், பழைய மனிதன் நாள்தோறும் மூழ்கடிக்கப்பட வேண்டும் என்று ரோமர் 6ஐச் சான்றாக வைத்தே கற்பிக்கிறார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1951இல் பாஸ்கா திருவிழிப்பு சீரமைக்கப்பட்டு, அவ்விரவில் திருமுழுக்கு வாக்குறுதிகளைச் சபை முழுதும் புதுப்பிக்கும் வழக்கம் வந்தது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணத்தின் 81ஆம் எண், அடக்கச் சடங்கு கிறிஸ்தவச் சாவின் பாஸ்கா தன்மையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று பணித்தது. 1969இல் வந்த புதிய அடக்க முறை அதை நிறைவேற்றியது. தீர்த்தமும் வெண்துணியும் பாஸ்கா திரியும் இன்று அடக்கத்தில் பெறும் இடம் அந்தச் சீர்திருத்தத்தின் பயன்.

தமிழ்நாட்டிலும் இந்த இணைப்பு கண்ணெதிரே இருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் குடும்பத்தார் கல்லறையைச் சுத்தம் செய்து பூவும் மெழுகுதிரியும் வைக்கிறார்கள். குரு தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கிறார். ஆற்றிலோ குளத்திலோ முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில், முழுகுபவரின் உடலைப் போதகர் பின்னோக்கிச் சாய்த்துக் கிடத்தி எழுப்பும் அந்த ஓர் அசைவிலேயே பவுலின் வசனம் முழுதும் இருக்கிறது. தெளிக்கும் மரபும் முழுகும் மரபும் முறையில் சண்டையிட்டாலும், பொருளில் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன.

முடிவாக

அருகருகே வைத்துப் பார்த்ததில் கிடைப்பவை இவை. நீரடக்கம் நொடியில் முடிகிறது; மண்ணடக்கம் காத்திருக்கிறது. முதலாவது அருளைத் தருகிறது; இரண்டாவது அதை நம்பிக் கொடுத்துவைக்கிறது. முதலாவதில் எழுவது கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவதில் தெரிவதில்லை. தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டு நம்புவதுதான் கிறிஸ்தவ அடக்கத்தின் உள்ளடக்கம்.

இது உண்மையானால் சபைகள் செய்ய வேண்டியவை சில உண்டு. திருமுழுக்கு நாளின் மறையுரையில் சாவைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். குழந்தையின் பெற்றோர் அந்த நாளில் எதை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று அறியட்டும். அடக்க வழிபாட்டில் இறந்தவரின் பதவியையும் சாதனையையும் நீட்டி முழக்குமுன் அவர் எந்த ஆலயத்தில், எந்த நாளில் திருமுழுக்குப் பெற்றார் என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்து வாசிக்கலாம். திருமுழுக்குக்கு முன்பே குழந்தையை இழந்த தாய்க்குக் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களுக்கு உள்ள அதே இடமும் அதே மன்றாட்டும் கிடைக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சடங்கு எதுவும் வேண்டாம், செலவும் இல்லை. தொட்டியருகில் நம்பியதையே கல்லறையருகிலும் நம்புகிறோமா என்பதற்குச் சபை தரும் பதில் இவற்றில்தான் இருக்கிறது.